கரை தெரியுமா, சாமி?

விண்மீனைப் போன்ற ஒன்று, இமைக்காமல், ஓசையின்றி, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வானைக் கடக்கக் கண்டால் அது பன்னாட்டு விண்வெளி நிலையமாக இருக்கக்கூடும். தொலைநோக்கி வேண்டா. பொழுது சாய்ந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளோ, விடியலுக்குச் சற்று முன்னரோ, கடலூர்த் தேவனாம்பட்டினம் மணலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். கடக்கும் நேரத்தை நாசா நிறுவனமே ஊர்வாரியாக அறிவித்துவிடுகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்கிறது. நாம் காணும் ஒளி அதனுடையதன்று. நமக்கு இருட்டிய பின்னும் அவ்வுயரத்தில் கதிரவன் மறைவதில்லை. அந்த வெயிலே அதன் தகடுகளில் பட்டுத் தெறிக்கிறது.

நகர விளக்குகளுக்கு அஞ்சி, சைவப் பெருமக்கள் ஆகாயத் தலமாகப் போற்றும் சிதம்பரத்தைக் கடந்து கிள்ளைக் கடற்கரைக்கும் செல்வதுண்டு. (ஆகாயத்தைத் தேடித் தில்லைக்குப் போகும் பாதிரியார் என்று நண்பர் ஒருவர் நகைப்பார்.)

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களை வாரிச் சென்றபோது அந்நிலையத்தில் இருவர் இருந்தனர்: அமெரிக்கரான லீராய் சியாவ், உருசிய விண்வெளி வீரர் சலிசான் ஷாரிப்போவ். நாளொன்றுக்குச் சுமார் 16 முறை உலகை வலம் வந்த அவர்களால் ஒருவரையும் கைதூக்கிவிட இயலாது. கீழே நாங்கள் உடல்களைத் தேடி மணலில் நடந்துகொண்டிருந்தோம். 'கடவுள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்னும் ஆறுதல் மொழியை அன்று முதல் நான் மறையுரையில் சொல்வதில்லை. உடனிருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறேன், அதுவும் தயங்கித்தான்.

அந்த அலையில் மகனைப் பறிகொடுத்த மீனவத் தாய் ஒருவர், ஒரு மாலை கிள்ளையில் என்னோடு நின்று நிலையத்தைப் பார்த்தார்.

"உள்ளே ஆள் இருக்காங்களா சாமி?"

2000 நவம்பர் முதல் ஒரு நாளும் அது ஆளின்றி இருந்ததில்லை என்றேன்.

"அவங்களுக்கு நம்ம கரை தெரியுமா?"

"தெரியும் அம்மா. இரவில் ஊர் விளக்குகள் வரிசையாகத் தெரியும். தாய்லாந்துப் பக்கம் கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள்கூடத் தெரிகின்றனவாம்."

"முகம்?"

"தெரியாது."

அதற்குள் அவ்வொளி நடுவானிலேயே மங்கி மறைந்தது.

"விழுந்திடுச்சா?"

"இல்லை அம்மா, பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக அவர்களுக்கு இரவு, பிறகு விடிந்துவிடும்."

மறுநாள் எப்போது வரும் என்று கேட்டார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக என்றேன். பேரனையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.