வித்தும் விதியும்

பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு என்று மருத்துவர் சொன்னதும், வீட்டில் எழும் முதல் வினா மருந்தைப் பற்றியதன்று; 'இது யார் வழியில் வந்தது?' என்பதே. பாட்டியின் சர்க்கரை நோய் நினைவுக்கு வரும். கருவுற்றிருந்தபோது உண்டவற்றை எண்ணித் தாய் கலங்குவாள். இளைய பிள்ளை தண்ணீர் கேட்கும்போதெல்லாம் தந்தையின் கண்கள் அவன்மேல் படியும்.

பாட்டிக்கு முதுமையில் வந்தது பெரும்பாலும் இரண்டாம் வகை. அது வேறு, இது வேறு. இங்கே உடலைக் காக்க வேண்டிய தடைகாப்பு மண்டலமே, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களைப் பகையெனக் கருதி அழிக்கிறது. அப்போரின் தடயமாகக் குருதியில் தோன்றுபவை தன்னெதிர்ப்பொருள்கள். 1974ஆம் ஆண்டு இலண்டனில் பொட்டாட்சோ, டோனியாக் முதலிய ஆய்வாளர்கள் அவற்றை முதன்முதலில் கண்டறிந்தனர். பின்னர் இங்கிலாந்தின் வின்ட்சர் பகுதியில், நோயுற்ற பிள்ளைகளின் குடும்பத்தாரை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தனர். திடீரெனத் தாக்குவதாக நம்பப்பட்ட நோய், பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்கிறது என்பது 1981இல் வெளியான ஆய்வில் புலப்பட்டது.

அப்படியாயின் குடும்பத்தின் பங்கு யாது? ஆறாம் குரோமோசோமில் உள்ள சில மரபணுக்கள் நோய்க்கு இடம் தருகின்றன. மேலைநாடுகளில் பொதுமக்களுள் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், நோயுற்றவரின் உடன்பிறந்தாருள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வருகிறது. எனினும், ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையருள் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலிருப்பதும் உண்டு. நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு நெருங்கிய உறவில் இந்நோய் இருப்பதே இல்லை. மரபு தருவது வித்து மட்டுமே. அது முளைக்க வேறு காரணங்களும் கூட வேண்டும்.

இளைய பிள்ளையின் குருதியைச் சோதிப்பதா என்று தயங்கும் பெற்றோர் உண்டு. ஒரேயொரு தன்னெதிர்ப்பொருள் இருந்தால் நோய் வராமலும் போகலாம். இரண்டோ அதற்கு மேலோ நிலைத்திருந்தால் என்றேனும் நோய் வெளிப்படுவது ஏறக்குறைய உறுதி. அதைத் தாங்குவது எளிதன்று. ஆயினும், முன்னரே அறிந்தவர்கள் பிள்ளை மயங்கி விழும்வரை காத்திருப்பதில்லை. நோய் வெளிப்படுவதைச் சராசரியாக ஈராண்டளவு தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு 2022இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

அத்தாய் உண்ட இனிப்பு எதுவும் இந்நோயைத் தரவில்லை. மரபணுக்களை எவரும் தேர்ந்து கொடுப்பதுமில்லை. 'யாரால் வந்தது?' என்னும் வினா ஓய்ந்த வீட்டில்தான், 'இனி என்ன செய்யலாம்?' என்னும் வினாவுக்கு இடம் பிறக்கிறது.