கிள்ளினால்தான் தழைக்கும் தாய் துளசி

தாய்லாந்துக்காரர்களின் சமையலில் துளசிக் குடும்பத்துச் செடிகள் மூன்று உண்டு. 'கப்ராவ்' என்பது நம் வீட்டு மாடத்தில் இருக்கும் துளசியேதான். 'மங்லக்' எலுமிச்சை மணம் கொண்டது. மூன்றாவதான 'ஹொராபா'வைத்தான் தாய் துளசி என்கிறார்கள். ஊதாத் தண்டு, கூரான இலை, சோம்பு வாசம். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் இதுவும் ஒரே இனம், ரகம்தான் வேறு.

சிங்கப்பூரில் உணவக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், இதன் விதையை வாங்கி வீட்டுக் கொல்லையில் இரண்டு தொட்டிகளில் விதைத்தார். ஒரு வாரத்தில் முளைத்தது. "என்னப்பா செடி?" என்று கேட்ட அம்மாவிடம், "தாய் துளசிம்மா" என்றார். நாட்டின் பெயரைத்தான் அவர் சொன்னார். துளசிக்கே தாய் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார் அம்மா. "வெள்ளிக்கிழமையில அதுல கை வைக்காதே, பொழுது சாஞ்சா கிள்ளாதே" என்று மருமகளுக்கும் சொல்லிவிட்டார்.

யாரும் கைவைக்காத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து பூத்தது. பூ வந்ததும் இலை சிறுத்தது, அடித்தண்டு கட்டையானது. "தண்ணி ஊத்துறோம், எரு போடுறோம், ஏன் இப்படி ஆச்சு அத்தை?" என்று மருமகள் வருத்தப்பட்டார்.

மகன் ஓர் இலையைக் கசக்கி அம்மாவிடம் நீட்டினார். மோந்து பார்த்த அம்மா, "இது துளசி வாசம் இல்லையே. சோம்புல்ல மணக்குது! கறிக்கொழம்புக்கு ஆகும்" என்றார். "மல்லியைக் கவாத்து பண்ணாம விட்டா பூக்குமாம்மா? அதேதான் இதுக்கும்" என்றார் மகன். பல வருடம் மல்லிகைத் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கத்தரிக்கோலை அவரே எடுத்துவந்தார்.

அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டினால், அந்த இரண்டு இலைக் கணுவிலிருந்தும் பக்கக்கிளை கிளம்பும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பூ மொட்டைக் கண்டதும் கிள்ளிவிட வேண்டும். ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. நல்ல வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும், கொஞ்சம் மக்கிய தொழுஉரமும் போதும். தேங்கினால் வேர் அழுகிவிடும்.

காலையில் பறிப்பது நல்லது. ஃபிரிட்ஜில் வைத்தால் இலை கறுத்துவிடும். தண்டோடு பறித்து ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவைக்கலாம். பூக்காத தண்டாக இருந்தால் இரண்டு வாரத்தில் தண்ணீரிலேயே வேர்விடும். அதை நட்டால் அடுத்த செடி தயார். சமைக்கும்போது அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட வேண்டும். கொதித்தால் வாசம் போய்விடும்.

இப்போது அந்தக் கொல்லையில் ஆறு தொட்டிகள். வாரம் ஒருமுறை கிள்ளுவது அம்மாவின் வேலை. ஒரு செடியை மட்டும் தேனீக்களுக்காகப் பூக்க விட்டிருக்கிறார். அதன் விதையை அவர் எடுப்பதில்லை. பக்கத்தில் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறது. தேனீக்கள் இரண்டிலும் உட்காருவதால் விதை கலந்துவிடும். ரகம் மாறாமல் இருக்கத் தண்டையே நடுகிறார். மாடத்துத் துளசியை மட்டும் வெள்ளிக்கிழமையில் யாரும் தொடுவதில்லை.