‘பொறுத்து’ என்று ஒரு சொல்

ஓசூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள பாப்பா,

“சின்னவளை காலேஜ்ல மென்டராப் போட்டிருக்காங்களாம், அஞ்சு பிள்ளைங்களைக் கையில குடுத்திருக்காங்களாம்” என்று அம்மா போனில் சொன்னாள். கோழிக்குஞ்சு கொடுத்த மாதிரி ஒரு பெருமை அவளுக்கு. நீயோ வாய்ஸ் மெசேஜில் “எனக்கே ரெண்டு அரியர் இருக்கு, நான் போய் யாருக்கு என்ன சொல்றது?” என்று புலம்பியிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அரியர் இருந்தால் இருக்கட்டும். முதல் நாளே அதைச் சொல்லிவிடு. ரேங்க் வாங்கியவளிடம் போய் “ஃபெயில் ஆயிட்டேன்” என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, உன்னிடம் வரும். எந்த யூனிட்டில் கோட்டை விட்டாய், மறுபடி எழுத எங்கே பணம் கட்டினாய், அப்பாவிடம் எப்படிச் சொன்னாய் என்பதெல்லாம் எந்தப் புரொபசரும் சொல்லித் தர முடியாத பாடம்.

நான் மூன்றாம் வருஷம் மென்டரானபோது எனக்கு அரியர் இல்லை. அந்தத் தலைக்கனத்தில், முதல் கூட்டத்துக்கு ஒரு பேப்பர் நிறைய அறிவுரை எழுதிக்கொண்டு போனேன். அதிகாலையில் எழு, போனைத் தள்ளி வை, லைப்ரரிக்குப் போ. என்னிடம் கொடுத்திருந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் வந்தது இரண்டு பேர், அதிலும் ஒருத்தி என் சார்ஜரைக் கேட்டு வந்தவள்.

மற்றவளைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி, ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். 2021-லிருந்து இன்ஜினியரிங்குக்கும் அது உண்டு, ஃபீஸையும் அரசே கட்டிவிடும். வகுப்பு மட்டும் ஆங்கிலத்தில். வாரா வாரம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். “புரியுதா?” என்பேன். “புரியுதுக்கா” என்பாள். இன்டர்னலில் 100-க்கு 18 வாங்கினாள்.

ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில், டியூப்லைட்டுக்குக் கீழே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம், போன் டிக்‌ஷனரியில் பார்த்து எழுதியது. ‘ஃபங்ஷன்’ என்ற சொல்லுக்கு மேலே ‘விழா’. ‘வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்’ என்பதற்கு மேலே ‘எக்ஸுக்கு மரியாதையுடன்’.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவள் நோட்டை மூடிவிட்டாள்.

மறுநாள் பாடநூல் கழகத்தின் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் போனில் இறக்கி (இலவசம்தான்), அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்தைத் தேடிப் பிடித்தோம். ஃபங்ஷன் என்றால் சார்பு. வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ் என்றால் எக்ஸைப் பொறுத்து. “அட, இது பொறுத்தாக்கா!” என்றாள். பிறகு பேனாவை வாங்கிக் கடகடவென்று நாலு கணக்குப் போட்டாள். வகைக்கெழுவெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனை வாரமும் அவளுக்குத் தெரிந்ததையே நான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தெரியாத மொழியில்.

அதனால் “புரியுதா?” என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான். பேனாவைக் கொடுத்துவிட்டு, போடும்போது கை எங்கே நிற்கிறது என்று பார்.

இன்னொன்று. எங்கள் டிபார்ட்மென்டில் ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டுவார்கள். காலேஜுக்குத் தரம் போடும் நாக் கமிட்டி வரும்போது காட்ட ஒரு ஃபைல் வேண்டுமே. அந்தப் பட்டியலில் பெயர் வந்த பிள்ளை சாயங்கால வகுப்புக்கு எந்த முகத்தோடு வரும்? அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டீயானா மார்ட்டின் என்ற அம்மா 1973-லேயே இதற்கு ஒரு வழி கண்டார். கஷ்டமான பாடம் எது என்று பார்த்து, அந்தப் பாடத்துக்கே கூடுதல் அமர்வு வைத்தார். அதே பாடத்தை முன்பு நன்றாக எழுதிய மாணவர் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, பிறகு அமர்வை நடத்துவார். விருப்பப்பட்ட யாரும் வரலாம், முதல் மார்க் வாங்குபவனும் வரலாம். நீயும் முதல் வருஷக் கணக்குப் பேப்பருக்கு ‘எம்-1 உட்கார்ந்து போடலாம் வாங்க’ என்று சொல்லிப் பார். உன் அரியரில் ஒன்றும் அதோடு கழியும்.

ஆபீஸ் வேலைக்குக் கூடவே நடந்து போ. போனஃபைடு சர்டிபிகேட் வாங்க, அரசின் புதுமைப் பெண் உதவித்தொகை ஏன் வரவில்லை என்று கேட்க, 75 சதவீத அட்டெண்டன்ஸுக்குக் கீழே போனால் மெடிக்கல் சர்டிபிகேட்டை யாரிடம் நீட்டுவது என்று விசாரிக்க. அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் முதல் வருஷப் பிள்ளைக்குக் குரலே எழும்பாது. நீ பக்கத்தில் சும்மா நின்றால் போதும்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான விஷயம். அந்த ஆறு பேரில் ஒருத்தி மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினாள். கேட்டபோது, “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா” என்றாள். பண்ணினேன். தூக்கமே வருவதில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று சொன்னாள். நான் தலையைத் தடவிக்கொடுத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அவள் அம்மா வந்து பெட்டியைக் கட்டி அழைத்துப் போனார். நன்றாக இருக்கிறாள், போன தீபாவளிக்கு மெசேஜ் போட்டாள். ஆனால் அந்த மூன்று வாரத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அப்படி ஒரு சத்தியத்தை மட்டும் நீ பண்ணாதே. “மத்ததெல்லாம் நமக்குள்ளேயே இருக்கும், உயிர் விஷயம்னா பெரியவங்ககிட்ட சொல்லிடுவேன்” என்று முதலிலேயே சொல்லிவை. அப்படி யாராவது பேசினால் தனியாக விடாதே, அன்றைக்கே வார்டனிடமோ கவுன்சலரிடமோ கையோடு கூட்டிப் போ. 14416, டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நீயும் பேசலாம். எல்லாரையும் தோளில் போட்டுக்கொண்டு நீ தூங்காமல் கிடந்தால் எனக்குக் கோபம் வரும்.

புதன்கிழமை முதல் கூட்டம் என்றாயே, செமினார் ஹாலில் வைக்காதே. அந்த ஏசி ஹாலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கேன்டீன் பின்பக்கப் படிக்கட்டு நல்ல இடம். நாலரைக்கு மேல் பஜ்ஜி சூடாக வரும் என்று நீதான் சொன்னாய். ஜிபேயில் ஐந்நூறு போட்டிருக்கிறேன். பஜ்ஜிக்கு மட்டும், உன் ரீசார்ஜுக்கு அப்பாவைக் கேள்.

அன்புடன்,
அக்கா