சீட்டுக் காசில ஒரு சென்சர்

சிநேகிதியோட அம்மாவின் சீட்டுக் காசில வாங்கின காற்றழுத்த சென்சர், பிஎம்பி280. என்ஜின் இல்லாத கிளைடர் ஒரே சீராக ஏறினால் விமானியின் உடம்புக்குத் தெரியாது. அழுத்தம் குறைவதை வைத்து வேரியோமீட்டர்தான் சொல்லும். 8, 9 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். இது ஒரு மீட்டரையே பிடிக்கும்!

மாத்தளையிலிருந்து பஸ்ஸில ரிவஸ்டன் போனோம். வழியெல்லாம் ஒழுங்காகக் குறைந்த நம்பர், மேலே போனதும் பைத்தியம் மாதிரி ஆடிச்சு. காசு போச்சா? ஒருத்தரும் பேசல. பிறகுதான் விளங்கிச்சு, அடிக்கிற காத்தையும் அது அழுத்தமா எண்ணுது. ஸ்பொஞ்சால மூடினோம். அடங்கிச்சு.

லயத்துக்கு வந்து அம்மாகிட்ட குடுத்தோம். தலைக்கு மேல தூக்கினாங்க, நம்பர் குறைஞ்சது. இறக்கினாங்க. திரும்பவும் தூக்கினாங்க.