எதையும் தாங்காத தூண்கள்



புதிய ஏற்பாட்டில் கப்பத்தோக்கியா என்னும் பெயர் இரண்டே இடங்களில் வருகிறது. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியலில் ஒருமுறை (அப்போஸ்தலர் 2:9). பேதுருவின் முதல் நிருபத்தினுடைய தொடக்க வசனத்தில் மறுமுறை. ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர்கள் இந்தப் பெயர் வரும்போது சற்றே தடுமாறி, விரைவாகக் கடந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஏழு சபைகளின் பட்டணங்களைக் காணத் துருக்கி தேசத்துக்குச் சென்ற பயணத்தின் கடைசி மூன்று நாள்களை அந்தக் கப்பத்தோக்கியாவின் பள்ளத்தாக்குகளில் கழிக்க எனக்குத் தருணம் கிடைத்தது.

அந்நிலத்தின் தோற்றத்தைச் சொல்லால் காட்டுவது கடினம். கோரெமே என்னும் ஊரைச் சுற்றிலும் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் கூம்புப் பாறைகள் நிற்கின்றன. சில, தலையில் தொப்பி அணிந்த மனிதர்களைப் போலிருக்கின்றன. சில, ஒரே உடலில் இரண்டு மூன்று தலைகளோடு எழும்புகின்றன. ஊரார் அவற்றைத் தேவதைகளின் புகைபோக்கிகள் என்று அழைக்கிறார்கள். பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எர்சியஸ் முதலான எரிமலைகள் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, மென்மையான பாறையாயிற்று. அதன்மேல் கடினமான பாறை அடுக்கு ஒன்று மூடியது. மழையும் காற்றும் மென்மையான பாகத்தை அரித்துச் செல்ல, மேலே கடினமான கல் கிடைத்த இடங்கள் மட்டும் தூண்களாய் எஞ்சின. அந்தத் தலைக்கல் விழுந்துவிட்டால், அதன் கீழுள்ள கூம்பு நாளடைவில் கரைந்துபோகும். மாலை வெயிலில் ரோஜாப் பள்ளத்தாக்கு முழுவதும் இளஞ்சிவப்பாய் மாறுவதைக் காண உலகமெங்குமிருந்தும் மக்கள் வருகிறார்கள். விடியற்காலையில் வெப்பக்காற்றுப் பலூன்கள் கூட்டங்கூட்டமாய் எழும்புகின்றன. படம் பிடிப்போர் கூட்டத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

நான் அதிகம் நின்றது, அப்பாறைகளுக்கு உள்ளே. அந்தக் கல்லை வெட்டுவது எளிது. காற்றுப் பட்டபின் அதன் மேற்பரப்பு இறுகிவிடும். ஆகையால் மக்கள் அதற்குள் வீடுகளையும், திராட்சைரசம் பிழியும் தொட்டிகளையும், புறாக்கூடுகளையும் குடைந்தார்கள். புறா எச்சம் அவர்களுடைய தோட்டங்களுக்கு எருவாயிற்று. படையெடுப்புகளுக்குத் தப்பியிருக்க, டெரின்குயு போன்ற இடங்களில் நிலத்தடியில் அடுக்கடுக்காக நகரங்களையே குடைந்து, வட்டக் கற்களை உருட்டி உள்ளிருந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். ஆலயங்களையும் குடைந்தார்கள். கோரெமேயில் இன்று காணப்படும் ஆலயங்களுள் பல பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளுக்குரியவை. இருண்ட ஆலயம் என்று அழைக்கப்படும் ஒன்றில் சிறிய ஒரு ஜன்னலைத் தவிர வெளிச்சத்துக்கு வழியில்லை. அதனாலேயே அதன் சுவரோவியங்களின் நீலம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மங்காதிருக்கிறது.

கட்டுகிறவன் கீழிருந்து மேலே போகிறான். குடைகிறவனோ எதையும் சேர்ப்பதில்லை. வேண்டாததை எடுத்துப்போடுவது மட்டுமே அவன் வேலை. ஆனாலும் அந்த மனிதர்கள் தாங்கள் அறிந்திருந்த ஆலயங்களின் சாயலை விட்டுவிட மனதில்லாமல், தூண்களும் வளைவுகளும் குவிமாடங்களும் இருப்பதுபோலவே செதுக்கினார்கள். சில ஆலயங்களில் அந்தத் தூண்கள் முறிந்துபோயின. அடிப்பாகம் இல்லை, தூணின் தலை மட்டும் கூரையிலிருந்து தொங்குகிறது. கட்டடமாயிருந்தால் கூரை எப்போதோ இடிந்து விழுந்திருக்கும். இங்கே ஒரு விரிசலும் இல்லை. கூரையைத் தாங்கியது மலைதான். தூண் முதலிலிருந்தே எதையும் தாங்கவில்லை.

அண்ணாந்து பார்த்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்? சபையின் தூண்கள் என்று நாம் அழைக்கும் பெரியவர்களை நினைத்தேன். அவர்களில் முதலாவதாக, அங்கியணிந்து பீடத்தருகே நிற்கும் என்னையும் நினைத்தேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. கூரை நிற்கிறது, ஓவியம் நிற்கிறது, பீடம் இருந்த இடம் தெரிகிறது. ஆராதிக்கும் சபையைக் காணவில்லை. வாசலில் அனுமதிச்சீட்டு வாங்கி உள்ளே போகிறோம். சில மாதங்களுக்கு முன் நம் சபையின் தாயார் ஒருவர், பிள்ளைகள் மூவரும் கடல்கடந்து வாழ்கிறவர், ஆராதனை முடிந்தபின் என்னிடம் கேட்டார்: “ஐயா, நாங்களும் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கோயிலில் மணியடிக்க யார் இருப்பார்கள்?” அந்தக் கேள்விக்கு அன்று ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். கோரெமேயில் அது மறுபடியும் என் முன்னே வந்து நின்றது.

அந்தச் சபைக்கு நேர்ந்தது இதுதான். 1923ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்தன. துருக்கியிலிருந்த கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக மாற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அளவுகோல் மதம், மொழி அன்று. கப்பத்தோக்கியாவின் கிறிஸ்தவர்களில் அநேகர் துருக்கி மொழி பேசுகிறவர்கள்; அம்மொழியைக் கிரேக்க எழுத்தில் அச்சிட்ட வேதாகமத்தை வாசித்தவர்கள். பிறந்த மண்ணில் அந்நியர் என்று அனுப்பப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த மண்ணிலும் பேச்சால் அந்நியராயிருந்தார்கள். ஊர்கொப் என்னும் ஊரார் தாங்கள் போற்றிவந்த பரிசுத்தவான் ஒருவரின் உடலையும் 1924இல் சுமந்துகொண்டுபோய், எவியா தீவில் தங்கள் ஊரின் பழைய பெயரையே புதிய ஊருக்குச் சூட்டிக் குடியேறினார்கள். நம்முடைய மரபில் இத்தகைய வழக்கம் இல்லை. என்றாலும் அந்த ஏக்கத்தை என்னால் குறைவாக எண்ண இயலவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோரெமேக்குக் கிழக்கே எர்சியஸ் மலையடிவாரத்தில் இருக்கும் கைசேரி பட்டணம்தான் பழைய செசரியா. 370ஆம் ஆண்டு முதல் மரணமடையும்வரை பசிலியு அங்கே பேராயராயிருந்தார். பஞ்சகாலத்தில் ஏழைகளைப் போஷித்தார். பட்டணத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரியதோர் இல்லத்தை நிறுவினார். அதை ஒரு புதிய பட்டணம் என்றே அவருடைய நண்பர் கிரகோரி வர்ணித்தார். பயணிகள் சீட்டு வாங்கிச் சென்று காண அதில் இன்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஆயினும் பரிசுத்த ஆவியானவரைக் குறித்துப் பசிலியுவும் இரண்டு கிரகோரிகளும் போராடி நிலைநாட்டியது, 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தின் வழியாய் விசுவாசப்பிரமாணத்தில் இடம்பெற்றது. திருவிருந்து ஆராதனையில் நிசேயா விசுவாசப்பிரமாணத்தை எழுந்து நின்று சொல்லும்போது, கப்பத்தோக்கியாவின் சபையோடு சேர்ந்தே சொல்லுகிறோம்.

பேதுருவின் நிருபத்துக்கு வருகிறேன். அவர் அதை எழுதிய காலத்தில் இந்த ஆலயங்களில் ஒன்றுகூடக் குடையப்படவில்லை. அவர் எழுதியது சிதறுண்டு வாழும் பரதேசிகளுக்கு. அந்தச் சொல்லை அவர்களுக்கு நேர்ந்த விபத்தாக அல்ல, அவர்களுடைய முகவரியாகவே அவர் வழங்குகிறார். இரண்டாம் அதிகாரத்தில் அவர்களை உயிருள்ள கற்கள் என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லே தெரியும் தேசத்தில் வாழ்ந்தவர்களுக்கு, கல் என்று பெயர் பெற்ற அப்போஸ்தலன் அப்படி எழுதினார்! அவர்கள் அதை வாசித்துவிட்டு வெளியே வந்து அந்தக் கூம்புகளை ஒருமுறை பார்த்திருக்க மாட்டார்களா?

அந்தத் தாயாருக்கு இப்போது என்ன சொல்வேன்? நம் ஆலயத்தில் மணியடிக்க எப்போதும் ஆள் இருக்கும் என்று வாக்குக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. கப்பத்தோக்கியாவைக் கண்டவன் அப்படிச் சொல்லத் துணியமாட்டான். தோஹாவில் வாடகைக் கூடத்தில் வெள்ளிக்கிழமை காலையில் கூடும் தமிழ்ச் சபையில் அவருடைய மூத்த மகன் நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறான் என்பதை மட்டும் நினைவூட்டுவேன். அதை அவரே ஒருநாள் என்னிடம் குறையாகச் சொன்னார்: கோயில்கூட இல்லையாம், கூடம்தானாம் என்று.

இந்த வாரம் பேதுருவின் முதல் நிருபத்தை முழுவதும் வாசியுங்கள், ஐந்தே அதிகாரங்கள்தான். பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் வீடுகளில், தொலைபேசி வழியாக ஆளுக்கு ஓர் அதிகாரமாய்ப் பகிர்ந்து வாசியுங்கள். முதல் வசனம் யாருடைய பங்கில் வருகிறதோ அவர், கப்பத்தோக்கியா என்னும் பெயரை அவசரப்படாமல் நிறுத்தி வாசிக்கட்டும்.