ஐப்பசியில் பொது வேதியியல்

அக்டோபர் 18, வெள்ளி

இனி படிப்பு டயாலிசிஸ் வார்டில்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து விடியற்காலை பஸ். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்; ஏழு மணி முதல் பதினொன்று வரை. அம்மா சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகவேண்டும், தம்பிக்குப் பத்தாம் வகுப்பு. அதனால் நான். எழுதி வைக்காவிட்டால் எந்த நாள் எதுவென்று கலந்துபோகிறது. வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நவம்பர் 12-இல் பொது வேதியியல் தாள். அதுவும் செவ்வாய், டயாலிசிஸ் நாள்.

அக்டோபர் 19

எதுவும் படிக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

இயந்திரத்தின் கீழே இரண்டு கேன்கள், ஏ என்றும் பி என்றும். ஒரே கேனில் தந்தால் என்ன என்று டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டேன். "சேர்த்தா படிஞ்சிரும்மா" என்றார். லேபிளைப் படித்தேன். ஏ-யில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும், கொஞ்சம் அசெட்டிக் அமிலமும். பி-யில் சோடியம் பைகார்பனேட். செறிவாக இருக்கும்போதே இரண்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிவிடும். அயனிச் செறிவுகளின் பெருக்கல் கரைதிறன் பெருக்கத்தைத் தாண்டினால் வீழ்படிவு; தேர்வில் கட்டாயம் வரும் வினா. இங்கே தண்ணீரில் நீர்த்த பிறகுதான் இரண்டும் சந்திக்கின்றன. கூடவே அமிலம் இருப்பதால் கார்பனேட் அயனி பெருகுவதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். வாழ்நாள் முழுக்க வெள்ளையடித்தவர். "அது நம்ம செவத்துச் சுண்ணாம்புல்லாட்டி" என்றார். "நீத்துன சுண்ணாம்பத் தண்ணிக்குள்ளயே வச்சிருந்தா எத்தன நாளானாலும் கெடக்கும். செவத்துல அடிச்சு, காத்துப் பட்டாத்தான் இறுகும். மொத நாள் தொட்டா கையில ஒட்டும், பொறவு ஒட்டாது."

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுத்தான் கால்சியம் ஹைட்ராக்சைடு கால்சியம் கார்பனேட்டாகிறது. சமன்பாட்டை எழுதிக் காட்டினேன். ஊசி குத்தாத கையால் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இதுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கா?" என்றார்.

அக்டோபர் 25

ஹெண்டர்சன் சமன்பாடு பிடிபடவே இல்லை. ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினேன். முதல் நாள் ரிப்போர்ட்டில் பைகார்பனேட் 12. இருக்கவேண்டியது 22 முதல் 26 வரை.

இரத்தத்தில் பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் 20-க்கு 1 என்று இருக்கவேண்டும். 20-இன் மடக்கை 1.3. அதை 6.1-உடன் கூட்டினால் பிஎச் 7.4. பைகார்பனேட் 24-லிருந்து 12-ஆக இறங்கினால் விகிதம் 10-க்கு 1, பிஎச் 7.1. அது உயிருக்கே ஆபத்து. ஆனால் ரிப்போர்ட்டில் 7.29 என்றிருக்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியே தள்ளி, கார்பானிக் அமிலத்தைக் குறைத்து, அந்த விகிதத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்டில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சுண்ணாம்புத் தூசிதான் என்று தெருவே சொன்னது. அத்தனை நாளும் அந்த நெஞ்சு இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

மாதிரி வினாத்தாளில் தாங்கல் கரைசல் கணக்குகள் எல்லாம் சரியாக வந்தன. சந்தோஷப்பட முடியவில்லை.

அக்டோபர் 28

எதிர்வீட்டு அத்தை சோடியம் குறைந்த உப்பு பாக்கெட் வாங்கி வந்தாள். சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். பின்பக்கம் பார்த்தேன்: பொட்டாசியம் குளோரைடு. அப்பாவுக்குப் போன வாரம் பொட்டாசியம் 5.9. 5-க்கு மேலேயே கவனம் வேண்டும். ஏறிக்கொண்டே போனால் இதயம் தாளம் தப்பிவிடும்.

"அப்பாவுக்கு இது ஆகாது அத்தை, பொட்டாசியம் இருக்கு."

"உப்புலயுமா?" என்றாள். அம்மா உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னச்சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதைக் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 31, தீபாவளி

அப்பா இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

நவம்பர் 3

இந்தப் பாடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தனிம வரிசை அட்டவணையில் பொட்டாசியத்தின் 19-ஆம் இடம் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. வார்டில் பாதிப் பேர் நனைந்தே வந்திருந்தார்கள்.

இயந்திரத்தில் இரத்தம் ஓடும் சவ்வுக்கு அந்தப் பக்கம் நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் திரவம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட இல்லாத அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. இவ்வளவு எதற்கு? செறிவு வித்தியாசம் இருக்கும்வரைதான் யூரியா இங்கிருந்து அங்கே போகும். ஒரே திரவம் தேங்கி நின்றால் இரு பக்கமும் சமமாகி, போவதும் வருவதும் ஒன்றாகிவிடும். புத்தகத்தில் அதற்குப் பெயர் சமநிலை. இயந்திரத்தின் வேலையே அது வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. கதை சொல்லச் சொன்னார். கோல்ஃப் என்ற டாக்டரின் கதையைச் சொன்னேன். 1943-இல், ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், இறைச்சி அடைக்கும் செலஃபேன் குழாயை உருளையில் சுற்றி இப்படியொரு இயந்திரம் செய்தார். ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல் ஒரு மூதாட்டி பிழைத்தார்.

"அந்தம்மா பொறவு எவ்வளவு நாள் இருந்தாவ?"

"வருஷக்கணக்கா இருந்தாவப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி காலேஜ் முடிக்க இன்னும் எத்தன வருஷம்?" என்றார்.

நவம்பர் 10

சிறுநீரகம் கொடுக்க அம்மாவின் இரத்த வகை பொருந்துகிறதாம். இன்னும் பல சோதனைகள் இருக்கின்றன. அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். நேற்றிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்குத் தேர்வு. அன்றைக்கு மட்டும் அப்பாவை மதிய ஷிப்டுக்கு மாற்றித் தரும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். நாளைச் சாயங்காலம்தான் தெரியும். மாறாவிட்டால் தம்பி லீவு போட்டுவிட்டு உட்காருவான். இயந்திரம் சத்தம் போட்டால் யாரைக் கூப்பிடவேண்டும், அப்பாவுக்குக் கால் இழுத்துப் பிடித்தால் எப்படி நீவவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டான். வேதிப் பிணைப்புப் பாடத்தை இன்னும் தொடவில்லை.