மீன் அப்புறம், தண்ணி முதல்ல!

பி.காம். படித்தவன் மீன் வளர்க்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் இரண்டு கோல்ட் ஃபிஷ் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும்.

என் மகளின் ஏழாவது பிறந்த நாளுக்கு உருண்டையான கண்ணாடி ஜாடியும் அதற்குள் இரண்டு மீன்களும் வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை இரண்டும் மல்லாந்து மிதந்தன. "துளசிச் செடியையே காப்பாத்தத் தெரியாத மனுஷர்..." என்று மனைவி ஆரம்பித்தாள். அது பழகிப்போன வசனம், தாங்கிக்கொண்டேன். மகள் கேட்டதுதான் தாங்கவில்லை.

"நான் நிறைய சாப்பாடு போட்டேனேப்பா... அதனாலதான் செத்துப்போச்சா?"

பதில் தெரியாமல் பல் தேய்க்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் அந்தக் காலி ஜாடி இருந்த பக்கமே அவள் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு கொளத்தூருக்குக் கிளம்பினேன். வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ. வட சென்னையின் இந்தப் பகுதியில் மளிகைக் கடை மாதிரி மீன் கடைகள். துணி காயப்போட்டது போல வரிசையாகத் தொங்கும் பாலித்தீன் பைகள், ஒவ்வொன்றிலும் கலர் கலராய் மீன். உள்ளே காற்றுக் குமிழி சத்தம், வெளியே பேரம் பேசும் சத்தம். மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமென்ட் தொட்டி கட்டி, குஞ்சு பொரிக்க வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். இங்கே வளர்வது வெளி மாநிலங்களுக்கும் ரயிலேறிப் போகிறது.

ஒரு கடையில் நுழைந்தோம். லுங்கியை மடித்துக் கட்டியிருந்த ஐம்பது வயதுக்காரர் கேட்டார்: "இன்னா மீன் சார் வோணும்?"

மகள் மெதுவாக ஒரு தொட்டியைக் காட்டினாள்.

"அது ஆஸ்கார், பாப்பா. இப்ப விரல் நீளம். வளந்தா ஒரு அடி. கூட இருக்கற சின்ன மீனெல்லாம் அதுக்கு டிபன்."

அடுத்தது, வரி வரியாக டைகர் பார்ப். "ரௌடிப் பய. நீள வால் மீனைக் கண்டா கடிச்சு வைப்பான்." கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த சக்கரை நான் காட்டினேன். "தொட்டியைக் கிளீன் பண்ணுமாமே?"

"அப்படிச் சொல்லித்தான் விக்கறாங்க. அதுவும் ஒரு அடிக்கு மேல வளரும் சார். இடம் பத்தலைன்னு கொண்டுபோய் ஏரில விட்டுடறாங்க. அது அங்க பெருகி, நம்மூர் மீன் பொழைப்புல மண்ணைப் போடுது."

கடைசியில் எங்கள் துக்கக் கதையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ சாகடிக்கல பாப்பா. உங்க தண்ணி இன்னும் ரெடியாவல. அது உங்கப்பா வேலை."

அப்புறம் எனக்குப் பாடம் நடந்தது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் சரியாகிவிடும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நானோ ஜாடி வாங்கிய அன்றைக்கே மீனையும் விட்டுவிட்டேன். என் பாஷையில் சொன்னால், முதல் போடாத கம்பெனியில் முதல் நாளே செலவு எழுதிவிட்டேன். ஐந்தே நாளில் திவால்!

போதாக்குறைக்கு, கோல்ட் ஃபிஷ் கெண்டை இனத்து மீன். நன்றாக வளரும், நிறைய சாப்பிடும், நிறையக் கழிக்கும். ஜாடியில் அதை வைப்பது, பாத்ரூமில் குடித்தனம் வைப்பது மாதிரி.

"அப்ப எங்களுக்கு என்ன மீன்தான் தருவீங்க?" என்றேன்.

"இன்னிக்கு மீனே கிடையாது சார்."

பி.காமில் சொல்லித்தராத வியாபாரம் இது! இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து. இவ்வளவுதான் கொடுத்தார். கூடவே தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை இலவசமாகப் பையில் போட்டார். தயிருக்கு உறை மோர் மாதிரி, பாக்டீரியாவுக்கு அது. "பம்பை நிறுத்தக் கூடாது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணில கழுவக் கூடாது, குளோரின்ல எல்லாம் செத்துடும். வாளில ஒரு நாள் திறந்து வெச்ச தண்ணியைத்தான் ஊத்தணும். தினம் ஒரு சிட்டிகை தீனி போடு பாப்பா. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டினா வா."

வெறும் தண்ணீருக்குத் தினமும் சாப்பாடு போடும் குடும்பத்தை அக்கம்பக்கத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். மனைவி மட்டும், "மீன் நல்லா சாப்பிடுதா?" என்று தினம் கேட்டாள். மகளோ காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவது வாரம் இரண்டும் பூஜ்யம்!

மறுபடி கொளத்தூர். இந்த முறை ஆறு கப்பி கொடுத்தார். எல்லாம் ஆண்கள். சென்னை போர் தண்ணீரின் உப்பு கப்பிக்கும் மோலிக்கும் ஒத்துப்போகும், நம் வெயிலுக்கு ஹீட்டரும் வேண்டாம். கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளில் விடுகிறார்களே, அதே கப்பிதான். பெண்ணையும் சேர்த்தால் மாதத்துக்கு ஒரு பிரசவம், கூட்டு வட்டியைவிட வேகம் என்பதால் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டோம். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்தோம். கடைசியில் மகளே மீனை விட்டாள்.

எட்டு மாதமாகிறது. ஆறும் சௌக்கியம். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் தீனி போடுகிறாள். போன வாரம் எதிர் வீட்டுக்காரர் பையனுக்கு உருண்டை ஜாடியில் மீன் வாங்கப்போவதாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு மீனே கிடையாது, அங்கிள்!"